வேன் டிரெய்லர் ஓட்டியவர் ஃப்ளாட்பெட்டுக்கு மாறும்போது: சாலைப் பயிற்சியில் எதைக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும்?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் பல வருடம் வேன் டிரெய்லரும் (மூடிய பெட்டி) ரீஃபரும் (குளிரூட்டிய பெட்டி) ஓட்டியவர், சரக்கைத் திறந்த தளத்தில் கட்டிக் கொண்டுபோகும் ஃப்ளாட்பெட் கம்பெனி ஒன்றுக்கு மாறுகிறார். சில நாள் வகுப்பு, அதன்பின் சில வாரம் ஒரு பயிற்சியாளரோடு ஒரே வண்டியில் சாலையில் இருக்க வேண்டும் என்கிறார்கள். “ஓட்டத் தெரிந்தவனுக்கு எதற்கு மறுபடியும் பயிற்சி? நாளைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா? போயே ஆக வேண்டும் என்றால் அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?”

குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். முடிந்தால் கூட்டிக் கேளுங்கள். உங்கள் ஓட்டும் திறமையை யாரும் சந்தேகப்படவில்லை. மலை இறக்கம், பனி, நெரிசலான டாக்கில் (சரக்கு ஏற்றி இறக்கும் மேடையில்) ரிவர்ஸ் எடுப்பது எல்லாம் உங்களோடு அப்படியே வரும். கூட வராதது ஒன்று உண்டு. ஏற்றி முடித்த சரக்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, “இது போகும், இது போகாது” என்று நீங்களே முடிவெடுக்கும் பழக்கம். வேன் டிரெய்லரில் அந்த முடிவு பெரும்பாலும் உங்கள் கைக்கு வந்ததே இல்லை. ஷிப்பர் (சரக்கை அனுப்புபவர்) ஏற்றினார், கதவை மூடினார், சீல் வைத்தார், நீங்கள் கிளம்பினீர்கள்.

சட்டமும் அதை அப்படித்தான் பார்க்கிறது. சரக்கைச் சோதிக்கும் கடமையைச் சொல்வது ஃபெடரல் விதி 392.9. சீல் வைத்த வண்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு பெற்ற டிரைவருக்கும், திறந்து பார்க்க வழியில்லாதபடி ஏற்றப்பட்ட வண்டிக்கும் அந்தக் கடமையிலிருந்து அதே விதி விலக்கு தருகிறது. திறந்த தளத்தில் கிடக்கும் இரும்புச் சுருளுக்கு அந்த விலக்கு எங்கிருந்து வரும்? கட்டியது யாராக இருந்தாலும், சாலையில் போகும்போது அந்தக் கட்டுக்குப் பொறுப்பு நீங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஃப்ளாட்பெட் ஓட்ட சிடிஎல்-இல் (கனரக வண்டி லைசென்ஸில்) தனி எண்டார்ஸ்மென்ட் (கூடுதல் அனுமதி) கிடையாது. டேங்கருக்கு உண்டு, ஹஸ்மத்துக்கு (அபாயகரமான சரக்குக்கு) உண்டு, இரட்டை டிரெய்லருக்கு உண்டு, இதற்கு இல்லை. 2022 பிப்ரவரி 7 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய டிரைவர்களுக்கான கட்டாயப் பயிற்சி விதியும், ஏற்கெனவே கிளாஸ் ஏ லைசென்ஸ் வைத்திருக்கும் உங்களைத் தொடாது. ஆக, உங்களுக்கும் 20 டன் எஃகுக்கும் நடுவே நிற்கும் ஒரே வடிகட்டி கம்பெனி தரும் பயிற்சிதான். அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில இடங்களில் அருமையாக இருக்கும், சில இடங்களில் கையெழுத்து வாங்கும் சடங்காக முடிந்துவிடும். அதிலிருந்து என்ன எடுக்கிறோம் என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சியாளரோடு ஏறுவதற்கு முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். ஃபெடரல் விதிகளில் 393.100 முதல் 393.136 வரை படியுங்கள். அரசாங்கத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முதல் வாசிப்பில் பாதி புரியாது, பரவாயில்லை. சாலையில் ஒரு சரக்கைப் பார்த்ததும் “இதைத்தான் அங்கே சொன்னார்களா” என்று பிடிபடும். படிக்காமல் போனால் பயிற்சியாளர் செய்வதெல்லாம் சட்டம் என்று தோன்றும். அவர் பழக்கம் எது, விதி எது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

விதியின் அடிப்படையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. சரக்கின் கட்டு, பிரேக் அடிக்கும்போது முன்னோக்கி 0.8 ஜி, பின்னோக்கி 0.5 ஜி, பக்கவாட்டில் 0.5 ஜி தாங்க வேண்டும். அதாவது 40,000 பவுண்டு சரக்கு முன்னால் பாய்வதற்கு 32,000 பவுண்டு விசையோடு முயலும், கட்டு அதை நிறுத்த வேண்டும். முன்னால் இருப்பது உங்கள் கேபின்.

இதைக் கணக்காக மாற்றும் விதி எளிமையானது. ஒவ்வொரு ஸ்ட்ராப்புக்கும் செயினுக்கும் ஒரு வொர்க்கிங் லோடு லிமிட் (பாதுகாப்பாகத் தாங்கும் எடை) உண்டு. சரக்கைக் கட்டியவை எல்லாவற்றின் லிமிட்டையும் கூட்டினால், சரக்கின் எடையில் பாதியாவது வர வேண்டும். வழக்கமான 4 அங்குல ஸ்ட்ராப்புக்கு 5,400 பவுண்டு. கிரேடு 70 செயினில் (கிரேடு என்பது உறுதித் தரம்) 5/16 அங்குலத்துக்கு 4,700, 3/8 அங்குலத்துக்கு 6,600, அரை அங்குலத்துக்கு 11,300 பவுண்டு. ஸ்ட்ராப்பில் லேபிள் பிய்ந்து எண் தெரியாமல் போனால், அதே 4 அங்குல ஸ்ட்ராப் 4,000 பவுண்டுக்குத்தான் கணக்கில் வரும். குறியில்லாத செயினை வலிமை குறைந்த கிரேடு 30 என்றே எடுத்துக்கொள்வார்கள். எனவே லேபிளைக் காப்பாற்றுவதும் உங்கள் வேலைதான்.

42,000 பவுண்டு எஃகுச் சுருள் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பாதி 21,000. 3/8 செயின் மூன்று போட்டால் 19,800, போதாது. நான்கு போட்டால் 26,400. சட்டம் இத்தோடு திருப்தியடையும். நல்ல பயிற்சியாளர் இன்னொன்று போடச் சொல்வார், போடுங்கள்.

இப்போது பலரும் சறுக்கும் இடம். செயின் டிரெய்லரின் ஒரு பக்கத்தில் தொடங்கி, சரக்கின் மேலாகவோ துளை வழியாகவோ போய், மறுபக்கம் டிரெய்லரில் முடிந்தால் அதன் முழு லிமிட்டும் கணக்கில் வரும். டிரெய்லரில் தொடங்கி சரக்கில் இருக்கும் கொக்கியிலேயே முடிந்துவிட்டால் பாதிதான் வரும். கிளம்பிய பக்கத்துக்கே திரும்பி வந்து மாட்டினாலும் பாதிதான். 40,000 பவுண்டு எக்ஸ்கவேட்டர் ஒன்றை நான்கு மூலைகளிலும் 3/8 செயினால் நேராகக் கட்டினால், பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் நான்கு பாதி 3,300, மொத்தம் 13,200. தேவை 20,000. இதே வேலைக்கு அரை அங்குலச் செயின் நான்கு போட்டால் 22,600 வரும். அதோடு கட்டின் வலிமை அதிலுள்ள மிகப் பலவீனமான உறுப்பின் வலிமைதான். பெரிய செயினைச் சின்ன பைண்டரால் (செயினை இறுக்கும் கருவி) இறுக்கினால் பைண்டரின் எண்தான் எண். கனரக இயந்திரத்தின் கை, பக்கெட் போன்ற அசையும் உறுப்புகளைக் கீழே இறக்கித் தனியாகக் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடைக்கணக்கு ஒரு பக்கம், நீளக்கணக்கு இன்னொரு பக்கம். முன்னால் தடுப்பு எதுவும் இல்லாத சரக்குக்கு முதல் 10 அடிக்கு இரண்டு கட்டு, அதன்பின் ஒவ்வொரு 10 அடிக்கும் அல்லது அதில் மிச்சமிருக்கும் பகுதிக்கும் ஒன்று. 24 அடி நீளச் சரக்கு ஒன்று 12,000 பவுண்டு இருந்தால், எடைப்படி இரண்டு ஸ்ட்ராப் போதும், நீளப்படி நான்கு வேண்டும். எது அதிகமோ அதுதான் செல்லும். முன்புறம் ஹெட்டர்போர்டாலோ (டிரெய்லரின் முன்சுவர்) வேறு சரக்காலோ தடுக்கப்பட்டிருந்தால் 10 அடிக்கு ஒன்று என்று குறையும். ஐந்து அடிக்குள்ளே 1,100 பவுண்டுக்குள்ளே இருக்கும் சின்னச் சரக்குக்கு ஒன்று போதும். பயிற்சியின்போது ஒவ்வொரு லோடுக்கும் இந்த இரண்டு கணக்கையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கட்டுங்கள். பயிற்சியாளர் கேட்டால்தான் சொல்வேன் என்று இருக்காதீர்கள்.

கணக்கு சரியாக வந்தும் சரக்கு நகரும் சமயங்கள் உண்டு, அங்கேதான் அனுபவஸ்தரின் கண் தேவை. மேலாகப் போட்டு இறுக்கும் ஸ்ட்ராப் முக்கியமாகச் செய்வது சரக்கைத் தளத்தோடு அழுத்துவது. நகராமல் பிடித்து வைப்பது உராய்வு. எண்ணெய் பூசிய எஃகுத் தகடு, ஈரமான பலகை, தளத்தில் உறைந்த பனி, மரத்தூள், எல்லாமே அந்தப் பிடியைத் தின்றுவிடும். தாழ்வான சரக்கு இன்னும் மோசம். ஒரு அடி உயரத்தில் நடுவில் கிடக்கும் தகடுகளின் மேல் ஸ்ட்ராப் கிட்டத்தட்டப் படுக்கையாகவே போகிறது, எவ்வளவு இறுக்கினாலும் கீழே அழுத்தும் விசை கொஞ்சம்தான். அப்படிப்பட்ட லோடில் உராய்வுப் பாய், அடிக்கட்டை, முன்தடுப்பு, கட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, இதில் எது பொருந்தும் என்று கேளுங்கள். விதிப்படி, தயாரிப்பாளர் வேறு எண் சொல்லாத உராய்வுப் பாய் தன்மேல் இருக்கும் எடையில் 50 சதவீதம் வரை கிடைமட்ட நகர்வைத் தடுப்பதாகக் கணக்கிடலாம். அது பெரிய உதவி.

சரக்கு வகைகளில் சுருள்தான் தனி உலகம். 5,000 பவுண்டும் அதற்கு மேலும் இருக்கும் உலோகச் சுருள்களுக்குத் தனி விதி, 393.120. சுருளின் துளை வானத்தைப் பார்க்கலாம், டிரெய்லரின் நீளவாக்கில் பார்க்கலாம், அல்லது பக்கவாட்டில் பார்க்கலாம். மூன்றுக்கும் கட்டும் முறை வேறு வேறு. துளை பக்கவாட்டில் இருக்கும் லோடை டிரைவர்கள் “சூசைட்” என்கிறார்கள், கட்டு அறுந்தால் சுருள் உருண்டு வரும் திசை கேபின். அதற்குத் துளை வழியாக முன்னோட்டத்தைத் தடுக்க ஒரு செயினாவது, பின்னோட்டத்தைத் தடுக்க ஒரு செயினாவது வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தச் செயின் தளத்தோடு முடிந்தவரை 45 டிகிரிக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். சுருள் தளத்தில் உட்காராமல் கட்டைகளின் மேல் தொட்டிலில் உட்கார வேண்டும், அந்தக் கட்டைகளைக் காயில் பங்க் போன்ற ஒன்று விலகாமல் பிடித்திருக்க வேண்டும். ஆணி அடித்து மட்டும் நிறுத்துவதை விதி வெளிப்படையாகத் தடை செய்கிறது. யாராவது “ஆணி அடித்தால் போதும்” என்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

மரக்கட்டுகள் சாதுவாகத் தெரியும், வழியில் அமுங்கித் தளர்ந்துகொண்டே வரும். இரண்டு அடுக்குக்கு மேல் போனால் மேலே மட்டும் கட்டுவது போதாது, நடு அடுக்கின் மேலும் கட்டு போக வேண்டும். அதை பெல்லி ஸ்ட்ராப் என்பார்கள். மேல் அடுக்கை ஏற்றுவதற்கு முன்பே அதைப் போட வேண்டும், எனவே ஃபோர்க்லிஃப்ட்காரரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். இந்தப் பேச்சுவார்த்தையும் பயிற்சியின் பகுதிதான். வேன் ஓட்டியவர்கள் டாக்கில் கேபினுக்குள் இருந்து பழகியவர்கள். இங்கே ஏற்றுபவரோடு ஒவ்வொரு அடியும் பேச வேண்டியிருக்கும். குழாய், கம்பி போன்றவை கட்டுக்குள்ளேயே வழுக்கி நடுவிலுள்ளது மட்டும் முன்னால் நழுவிவரும். வெளிச்சுற்று இறுக்கமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

ஸ்ட்ராப் கூர்முனையைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் எட்ஜ் புரொடெக்டர் வேண்டும். விதி அதைக் கட்டாயமாக்குகிறது. எஃகுத் தகட்டின் விளிம்பு ஸ்ட்ராப்பை அறுக்கக் காத்திருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது ஸ்ட்ராப் காற்றில் அதிர்ந்து ரீங்காரம் போடும். அந்த அதிர்வே மெல்ல மெல்லத் தேய்த்துவிடும். சரக்கைத் தொடாத பகுதியில் ஒரு அரை முறுக்கு கொடுத்தால் அது அடங்கும். இப்படிப்பட்ட சின்ன விஷயங்கள் எந்த வகுப்பிலும் மனதில் நிற்பதில்லை, சாலையில் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

கிளம்பிய பிறகு முதல் 50 மைலுக்குள் ஒருமுறை நிறுத்திக் கட்டைச் சோதிக்க வேண்டும். அதன்பின் டியூட்டி நிலை (ஓட்டம், ஓய்வு போன்றவை) மாறும்போது, அல்லது 3 மணி நேரம் ஓட்டியபின், அல்லது 150 மைல் ஓடியபின், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது. கனடாவில் ஓட்டினால் அங்குள்ள தேசியத் தரம் எண் 10 கிட்டத்தட்ட இதையே 80 கிலோமீட்டர், 240 கிலோமீட்டர் என்று சொல்கிறது. முதல் நிறுத்தம் காரணமில்லாமல் வைத்ததில்லை. சரக்கு அமர்கிறது, பாலியஸ்டர் ஸ்ட்ராப் நீள்கிறது, செயின் கட்டையில் பதிகிறது. ஏற்றும் இடத்தில் கல்போல இருந்த கட்டு 30 மைலில் கையால் ஆட்டும்படி ஆகியிருக்கும். எனவே பயணத்தைத் திட்டமிடும்போதே அந்த 50 மைலுக்குள் பாதுகாப்பாக நிறுத்த ஓர் இடத்தைக் குறித்துவைக்க வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று செய்யும் வேலை இல்லை இது. சோதிக்கும்போது கண்ணால் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஒவ்வொரு ஸ்ட்ராப்பிலும் கை வையுங்கள், ஒவ்வொரு பைண்டரையும் ஆட்டிப் பாருங்கள்.

எடைப் பங்கீட்டில் உங்கள் பழைய பழக்கம் ஒன்று கைவிடும். வேன் டிரெய்லரில் ஸ்கேலில் (எடை மேடையில்) ஏறிப் பார்த்து, டேண்டமை (பின்னால் இருக்கும் இரட்டை ஆக்சிலை) நகர்த்தி சரிசெய்துகொள்ளலாம். பல ஃப்ளாட்பெட்களில் பின் ஆக்சில்கள் 10 அடி இடைவெளியோடு அசையாமல் நிற்கும் ஸ்ப்ரெட் ஆக்சில். தவறாக ஏற்றிவிட்டால் நகர்த்த எதுவும் இல்லை. திரும்பிப் போய் இறக்கி ஏற்ற வேண்டும். அதற்கு ஈடாக, சாதாரண டேண்டமுக்கு 34,000 பவுண்டு என்றால் ஸ்ப்ரெட்டில் ஆக்சிலுக்கு 20,000 வீதம் 40,000 வரை போகலாம். வண்டியும் சரக்கும் சேர்த்து மொத்தம் 80,000 என்பதில் மாற்றமில்லை. சுருள் போல நான்கைந்து அடிக்குள் எடை குவியும் சரக்கை எந்த இடத்தில் வைக்கச் சொல்வது என்பதைப் பயிற்சியாளர் தன் டிரெய்லரின் அளவைக் காட்டி விளக்க வேண்டும். வைத்த இடத்தையும் ஸ்கேல் சீட்டில் வந்த எண்களையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். சில லோடுகளுக்குப் பிறகு ஒரு முறைமை புலப்படும். ஸ்ப்ரெட் ஆக்சில் கூர்மையான திருப்பத்தில் டயரை இழுத்துத் தேய்க்கும் என்பதையும், சில டிரெய்லர்களில் அதற்காக ஒரு ஆக்சிலின் காற்றை இறக்கும் வால்வு இருக்கும் என்பதையும் ஓட்டிப் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். காலி ஃப்ளாட்பெட் ஈரச் சாலையில் வேனைவிடச் சீக்கிரம் துள்ளும். ஓட்டுவதில் உங்களுக்குப் புதிதாக இருப்பது இவ்வளவுதான்.

தார்ப்பாய்க்கு வருவோம். ஃப்ளாட்பெட்டை விட்டு ஓடுபவர்களில் பலர் இதற்காகத்தான் ஓடுகிறார்கள். மரக்கட்டுகளுக்குப் போடும் பெரிய தார்ப்பாய் ஒன்று 100 பவுண்டு அளவுக்கு இருக்கும், பக்கங்களில் 8 அடி தொங்கும். தளம் தரையிலிருந்து சுமார் 5 அடி. பல மாநிலங்களில் மொத்த உயர வரம்பு 13 அடி 6 அங்குலம். வரம்பு வரை ஏற்றிய லோடின் உச்சியில் நிற்பவர் இரண்டாம் மாடியில் நிற்கிறார், கைப்பிடிச் சுவர் இல்லாமல். தோளில் சுமந்து ஏணியில் ஏறும் வீரம் வேண்டாம். ஃபோர்க்லிஃப்ட்காரரிடம் கேட்டு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். விளிம்புக்கு முதுகு காட்டிப் பின்னால் நடக்காதீர்கள். தார்ப்பாயின் அடியில் இடைவெளி இருக்கும் இடத்தில் கால் வைக்காதீர்கள், துணி தாங்குவதுபோலத் தெரியும், தாங்காது. சில ஆலைகளில் மேலே ஏற உடலோடு மாட்டும் பாதுகாப்புப் பட்டையோடு கூடிய மேடை வைத்திருக்கிறார்கள். வரிசை நீளமாக இருந்தாலும் அதையே பயன்படுத்துங்கள்.

இரண்டு தார்ப்பாய் போடும்போது பின்னால் இருப்பதை முதலில் விரித்து, முன்னால் இருப்பதை அதன்மேல் படிய விடுங்கள். கூரையில் ஓடு வேய்வதுபோல, காற்றும் மழையும் வரும் திசையில் வாய் திறந்திருக்கக் கூடாது. கூர்முனைகளில் பழைய துணியோ மெத்தைத் துண்டோ வைக்காவிட்டால் முதல் நாளே கிழியும். ரப்பர் கொக்கிகளை முகத்தின் திசையில் இழுக்காதீர்கள், நழுவினால் கண் போகும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துதான் அந்த வேலை. காற்றடிக்கும் நாளில் ஒரு தார்ப்பாயாவது பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போதே போட்டுப் பார்த்துவிடுங்கள். வெயிலடிக்கும் அமைதியான நாளில் மட்டும் பழகியவர் தனியாகப் போன முதல் வாரமே தவித்துப்போவார். சரக்கை மூடும் கூரையும் பக்கத் திரையும் சேர்ந்தே நகரும் கோனெஸ்டோகா டிரெய்லர் வைத்திருக்கும் பயிற்சியாளரோடு மட்டுமே உங்கள் நாள்கள் கழிந்தால், இந்தப் பாடம் முழுக்கவே விட்டுப்போகும். வேறொருவரைக் கேட்டு வாங்குங்கள்.

உடம்பைக் காப்பாற்றுவது பற்றி இரண்டு கருவிகளைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று விஞ்ச் பார், ஸ்ட்ராப்பை இறுக்கும் விஞ்சைத் திருப்பும் தடி. துளையில் முழுதாக நுழைந்திருக்கிறதா என்று பார்க்காமல் உடல் எடையைப் போட்டால், நழுவும்போது நீங்களும் போவீர்கள், பாரும் முகத்துக்கு வரும். பார் சுழலக்கூடிய வட்டத்துக்கு வெளியே தலை இருக்க வேண்டும், ஸ்ட்ராப்பை அவிழ்க்கும்போது இன்னும் கவனமாக. இரண்டாவது நெம்புகோல் பைண்டர். இறுக்கத்தில் இருக்கும் நெம்புகோல் திறக்கும்போது உதைக்கும், குழாய் மாட்டி நீட்டிப் பூட்டியிருந்தால் உதை இரட்டிப்பு. என்னைக் கேட்டால் ராட்செட் பைண்டரே போதும். கொஞ்சம் கனம், கொஞ்சம் நேரம், கை எலும்பு முழுசாக இருக்கும். எந்த பைண்டராக இருந்தாலும் பூட்டியபின் மிச்சச் செயினைக் கைப்பிடியில் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

ஏற்றும் இடத்தைவிட இறக்கும் இடத்தில்தான் மனம் தளர்கிறது. வந்து சேர்ந்துவிட்டோம் என்ற நினைப்பு. ஸ்ட்ராப்பைத் தளர்த்தும் முன் முழுச் சுற்று ஒன்று சுற்றி, சரக்கு எந்தப் பக்கமாவது சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ராப் மட்டுமே பிடித்திருக்கும் குழாயோ மரக்கட்டோ, அவிழ்த்த கணமே மறுபக்கம் சரியும். அந்தப் பக்கம் ஆள் நிற்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஃபோர்க்லிஃப்ட் வந்து தாங்கிப் பிடிக்கும்வரை அவிழ்க்காதீர்கள். ஸ்ட்ராப்பை மேலாக எறிவதற்கு முன்னும் மறுபக்கத்தைப் பார்த்து, உரக்கச் சொல்லிவிட்டு எறியுங்கள்.

நேரக் கணக்கும் மாறும். வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரச் சாளரத்துக்குள் 11 மணி நேர ஓட்டம் என்பது அதே விதிதான், ஆனால் கட்டுவதும் தார்ப்பாய் போடுவதும் ஆன் டியூட்டி நேரம், அது அந்த 14-ஐத் தின்னும். ஆலையில் காத்திருந்து, கட்டி, மூடி வெளியே வருவதற்குள் பாதி நாள் போயிருக்கும். வேனில் பழகிய மைல் கணக்கை டிஸ்பாட்சரிடம் (லோடு ஒதுக்குபவரிடம்) ஒப்புக்கொண்டுவிட்டு, அதை எட்ட முதலில் வெட்டப்படுவது 50 மைல் சோதனையாக ஆகிவிடக் கூடாது. பயிற்சியிலேயே ஒவ்வொரு வகை லோடுக்கும் உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதிவையுங்கள். தார்ப்பாய்க்குத் தனிக் கூலி உண்டா, பயிற்சிக் காலச் சம்பளம் நாள் கணக்கா மைல் கணக்கா என்பதைச் சேரும் முன் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சியாளரைப் பற்றி. சில கம்பெனிகள் பயிற்சியாளரையும் புதியவரையும் டீம் டிரைவர்களாக நடத்துகின்றன. ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்க, வண்டி நிற்காமல் ஓடும். உங்களுக்கு ஓட்டத் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு உங்கள் மேல் இன்னும் சுலபமாக விழும். வாரக்கணக்கில் மைல் சேரும், கற்றது கொஞ்சமாக இருக்கும். உங்கள் பாடம் வண்டி நிற்கும்போதுதான் நடக்கிறது. ஏற்றும்போதும், கட்டும்போதும், சோதிக்கும்போதும், இறக்கும்போதும் இருவரும் விழித்துத் தரையில் நிற்க வேண்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

எனக்கு நம்பிக்கையுள்ள முறை இது: முதல் லோடை அவர் கட்டட்டும், நீங்கள் ஏன் ஏன் என்று கேளுங்கள். அடுத்ததைச் சேர்ந்து கட்டுங்கள். அதன்பின் நீங்கள் தனியாகக் கட்ட வேண்டும், அவர் ஆபத்து தெரிந்தால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. “முடிந்தது, நான் இதை ஓட்டுவேன்” என்று நீங்கள் சொன்ன பிறகே அவர் சுற்றிவந்து குறை சொல்லட்டும். அவர் பார்க்காத நேரத்தில் நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள் என்பது இதில்தான் வெளிப்படும். “நாங்கள் காலங்காலமாக இப்படித்தான் கட்டுகிறோம்” என்று அவர் சொன்னால் மரியாதையோடு விதி எண்ணைக் கேளுங்கள். நல்லவர் சேர்ந்து உட்கார்ந்து தேடுவார். கோபித்துக்கொள்பவரிடம் நீண்ட நாள் இருந்து பயனில்லை, கம்பெனியில் ஆள் மாற்றிக் கேட்பதில் வெட்கமும் இல்லை.

நாள் கணக்கைவிடச் சரக்கு வகையை எண்ணுங்கள். சுருள், மரக்கட்டு, குழாய் அல்லது கம்பி, தகடு, சக்கரமோ சங்கிலித்தடமோ உள்ள இயந்திரம், உயரமான தார்ப்பாய் லோடு: இவற்றில் எதை உங்கள் கையால் கட்டவில்லையோ அதைக் குறித்துவையுங்கள். எல்லா வகையும் அந்தச் சில வாரங்களில் கிடைக்காது, அது இயல்பு. பயிற்சி முடிந்ததாகக் கையெழுத்திடும் முன் அந்தப் பட்டியலை சேஃப்டி துறையிடம் கொடுத்து, “இந்த வகையில் என் முதல் லோடு வரும்போது கட்டிமுடித்துப் படம் அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லும் ஆள் யார்?” என்று பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். அகல உயர வரம்பு மீறும் பெர்மிட் லோடுகளை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம், அது வேறு பாடம்.

தனியாகப் போன பிறகு ஒருநாள், போதிய செயின் இல்லாமலோ மோசமாக ஏற்றப்பட்டோ ஒரு லோடு வரும், “அப்படியே கிளம்பு” என்ற அழுத்தமும் கூடவே வரும். விதியை மீற டிரைவரை வற்புறுத்துவதைக் கம்பெனிக்கு மட்டுமல்ல, ஷிப்பர், ரிசீவர், புரோக்கர் எல்லாருக்கும் தடை செய்யும் ஃபெடரல் விதி 2016 ஜனவரி 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. சரக்கைக் கட்டும் விதிகளும் அதற்குள் அடக்கம். “இப்படிப் போனால் இந்த விதி மீறப்படும்” என்று நீங்கள் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும், எனவே வாய்ப்பேச்சோடு விடாமல் மெசேஜில் எழுதுங்கள். லோடின் படம், நேரம், பதிலாக வந்த மெசேஜ் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்க 90 நாள் அவகாசம் உண்டு.